பிடெம்ப் 11 ஜிபி, டபிள்யூடெம்ப்பில் பாதி குப்பை: /வார் நிரம்பிய சர்வரில் எதை முதலில் தொடுவது?

வட்டுநிறைவு கேட்டது:

வணக்கம். ராக்கி லினக்ஸ் 8 ஓடும் ஒரு விஎம் (மெய்நிகர் கணினி). /வார் 100% ஆகி நிற்கிறது. இடத்தைத் தின்பவை இரண்டு கோப்புகள், முதலாவது தோற்ற லாகின் முயற்சிகளின் பதிவு, அடுத்தது யார் வந்தார், போனார் என்பதன் பதிவு:

/வார்/லாக்/பிடெம்ப்: 11296246273 பைட்
/வார்/லாக்/டபிள்யூடெம்ப்: 641064960 பைட்

கவனித்தவை:

1. பிடெம்ப்பைப் படிக்கும் லாஸ்ட்பி கொடுத்தால் வரிகள் ஒழுங்காக வருகின்றன. ஆனால் கடைசியில் "பிடெம்ப் தொடங்கியது" என்று வரும் தேதி நம்பும்படி இல்லை. அதே கோப்பை, பதிவுகளை உரையாக்கும் யூடெம்ப்டம்ப்பில் போட்டால் முதல் வரியிலிருந்தே குப்பை.

2. டபிள்யூடெம்ப்பைப் படிக்கும் லாஸ்ட் கொடுத்தால் சமீபத்திய வரிகள் சரி. பழைய பகுதிக்குப் போனதும் பெயர்கள் உடைந்து, தேதி ஜனவரி 1, 1970, 05:30 என்று வருகிறது. அதற்கும் பழைய வரிகள் மறுபடி சரியாக இருக்கின்றன. கோப்பு 612 எம்பி, லாஸ்ட் காட்டுவதோ சில ஆயிரம் வரிதான்.

3. லாக் கோப்புகளை அவ்வப்போது ஒதுக்கிப் புதிது தொடங்கும் லாக்ரொடேட் மாதக்கணக்கில் சுழற்றவே இல்லை. கையால் ஓட்டினால் ஸ்டேட்டஸ் கோப்பின் முதல் வரி சரியில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது.

சர்வரின் பழைய வரலாறு: சில மாதம் முன்பும் ஒரு முறை வட்டு நிரம்பியது. அப்போது பிடெம்ப்பை "எக்கோ >" போட்டுக் காலி செய்திருக்கிறார்கள். டபிள்யூடெம்ப்பின் பழைய நகல் ஒன்றையும் இப்போதைய கோப்பையும் கேட் மூலம் ஒன்றாக இணைத்திருக்கிறார்கள். 3 மாதம் முன் விஎம்மை வேறு ஹைப்பர்வைசருக்கு மாற்றினோம்.

தணிக்கைக்கு 180 நாள் பதிவு வேண்டும், அதனால் அழித்துவிட்டுப் போக முடியாது. எந்த வரிசையில் செய்வது?

---

பைட்கணக்கு பதில்:

நீங்கள் கொடுத்த எண்களிலேயே பாதி விடை இருக்கிறது. 64 பிட் இன்டெல் வகை லினக்ஸில் யூடெம்ப், டபிள்யூடெம்ப், பிடெம்ப் மூன்றுக்கும் ஒரே அமைப்புதான். ஒரு பதிவுக்கு 384 பைட், தலைப்பும் கிடையாது, பதிவுகளுக்கு இடையே பிரிப்பானும் கிடையாது. வகை 2 பைட், நிரப்பல் 2, பிராசஸ் எண் 4, டெர்மினல் பெயர் 32, ஐடி 4, பயனர் பெயர் 32, ஹோஸ்ட் 256, மிச்சத்தில் நேரமும் ஐபி முகவரியும். படிக்கும் கருவி 384, 384 ஆக எண்ணிக்கொண்டு போகும். ஒரு பைட் நகர்ந்தாலும் அதற்குப் பின் எல்லாமே தப்பு.

பிடெம்ப்பை 384 ஆல் வகுத்தால் 29417308 பதிவு, மீதி 1. அந்த 1 பைட் எங்கிருந்து வந்தது என்று பார்க்க:

ஓடி -ஏஎன் -டியு1 -என்5 /வார்/லாக்/பிடெம்ப்

எஸ்எஸ்ஹெச் டீமன் (தொலைவிலிருந்து லாகின் ஆக விடும் சேவை) எழுதும் தோல்விப் பதிவு வகை 6, ஆகவே நல்ல கோப்பு 6 0 0 0 என்று தொடங்கும். உங்களுடையதில் 10 6 0 0 0 என்று வரும். அந்த 10 தான் எக்கோ போட்ட புதுவரிக் குறி. காலி செய்கிறோம் என்று நினைத்து ஒரு பைட்டை உள்ளே வைத்துவிட்டார்கள். எஸ்எஸ்ஹெச் டீமன் பிடெம்ப்பின் கடைசியில் அப்படியே ஒட்டிக்கொண்டு போகும், எல்லை சரியா என்று பார்க்காது. அதனால் எல்லாப் பதிவும் ஒரு பைட் தள்ளியே இருக்கிறது.

லாஸ்ட்பி மட்டும் ஏன் சரியாகக் காட்டுகிறது? லாஸ்ட், லாஸ்ட்பி இரண்டும் கோப்பின் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படிப்பவை. பின்னாலிருந்து எண்ணினால் எல்லை பொருந்திவிடும். "தொடங்கியது" வரிக்கு மட்டும் கோப்பின் முதல் பதிவை எடுப்பதால் அந்தத் தேதி கெடுகிறது. யூடெம்ப்டம்ப் முன்னாலிருந்து படிக்கிறது, அதற்கு எல்லாமே குப்பை. முன்னால் கோளாறா பின்னால் கோளாறா என்று தெரிய இந்த இரண்டையும் ஒப்பிட்டாலே போதும்.

இப்போது இடத்தை மீட்கலாம். முதலில் நகலெடுத்து, பிறகு காலி செய்தால் நடுவில் வரும் பதிவுகள் தொலையும். பெயர் மாற்றுவதே நல்லது, அதற்குக் கூடுதல் இடமும் வேண்டாம்:

இன்ஸ்டால் -எம் 0600 -ஓ ரூட் -ஜி யூடெம்ப் /டெவ்/நல் /வார்/லாக்/பிடெம்ப்.புது
எம்வி /வார்/லாக்/பிடெம்ப் /வார்/லாக்/பிடெம்ப்.பழைய
எம்வி /வார்/லாக்/பிடெம்ப்.புது /வார்/லாக்/பிடெம்ப்
ரெஸ்டோர்கான் /வார்/லாக்/பிடெம்ப்

எஸ்எஸ்ஹெச் டீமனை ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஒவ்வொரு பதிவுக்கும் அது கோப்பைத் திறந்து, எழுதி, மூடிவிடும். அடுத்த தோல்வியே புதுக் கோப்பில் விழும்.

பிறகு முதல் பைட்டை உதிர்த்து, வேறு வட்டுக்குச் சுருக்கி அனுப்புங்கள்:

டெய்ல் -சி +2 /வார்/லாக்/பிடெம்ப்.பழைய | ஜிஜிப் > /டேட்டா/பிடெம்ப்-பழைய.ஜிஇசட்

பதிவில் பெரும்பகுதி சுழி பைட்டுகள்தான், ஹோஸ்டுக்கு ஒதுக்கிய 256 இல் பத்துப் பதினைந்துக்கு மேல் நிரம்புவது அபூர்வம். அதனால் நன்றாகவே சுருங்கும். ஜிஜிப் --டெஸ்ட் கொடுத்துக் கோப்பு முழுமையாக இருக்கிறதா என்று சோதித்த பிறகே பழையதை அழியுங்கள். அழித்தும் டிஎஃப்பில் இடம் திரும்பவில்லை என்றால், பதிவு சேகரிக்கும் ஏஜென்ட் ஏதாவது அதைத் திறந்து வைத்திருக்கும். எல்எஸ்ஓஎஃப் +எல்1 போட்டால் தெரியும்.

---

ரூட்சங்கிலி பதில்:

பைட்கணக்கு அண்ணன் சொன்னதோடு பிடெம்ப் உரிமை பற்றி ஒன்று. கண்காணிப்புக் கருவி படிக்க வேண்டும் என்று பலர் 0644 கொடுத்துவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு ஏதாவது ஓர் உரிமை இருந்தாலும், உரிமையாளர் ரூட்டாக இல்லாவிட்டாலும், எஸ்எஸ்ஹெச் டீமன் அதில் எழுத மறுத்துவிடும். அளவுக்கு மீறிய உரிமை என்று ஒரு வரியை செக்யூர் லாகில் போட்டுவிட்டுப் போய்விடும். இதற்கு வலுவான காரணம் உண்டு. பயனர் பெயர் கேட்கும் இடத்தில் அவசரத்தில் கடவுச்சொல்லை அடிப்பவர்கள் ஏராளம், அது அப்படியே பிடெம்ப்பில் பயனர் பெயராகப் பதிவாகும். அந்த 11 ஜிபி நகலுக்கும் 0600 கொடுங்கள்.

11 ஜிபி சேர்ந்த காரணத்தையும் பாருங்கள். நொடிக்கு ஒரு தோல்வி என்றால் ஒரு நாளில் 86400 பதிவு, 33 எம்பி. மாதத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி. இணையத்துக்குத் திறந்திருக்கும் 22 ஆம் போர்ட்டில் இது சாதாரணம். இல்லாத பயனர் பெயரில் முயன்றால் பெயருக்கு ஒரு பதிவு, தவறான கடவுச்சொல்லுக்கு ஒரு பதிவு என இரண்டு விழும். லாஸ்ட்பியில் ஒரே வரி இரட்டையாக வருவது அதனால்தான்.

கடவுச்சொல் வழி நுழைவை நிறுத்திவிட்டால் பிடெம்ப் வளராது என்று நினைக்காதீர்கள். இருக்கும் பயனர்கள் பெயரிலான தோல்விகள் நின்றுவிடும், ஆனால் இல்லாத பெயர்கள் அப்போதும் பதிவாகும். ஃபயர்வாலில் தெரிந்த முகவரிகளை மட்டும் விடுவதுதான் நிஜமாகக் குறைக்கும்.

கோப்பையே நீக்கிவிட்டால்? இல்லாத பிடெம்ப்பை எஸ்எஸ்ஹெச் டீமன் உருவாக்காது, பதிவு சத்தமில்லாமல் நின்றுவிடும். அடுத்த பூட்டில் சிஸ்டம்டியின் டெம்ப்ஃபைல்ஸ் அதைத் திரும்ப உருவாக்கும். டபிள்யூடெம்ப்புக்கும் இதே கதை. ஆர்எம் போட்டுவிட்டு மறந்தால் அடுத்த ரீபூட் வரை யார் வந்தார், போனார் என்பதற்கு அங்கே தடயமே இருக்காது.

---

பைட்கணக்கு பதில்:

இனி டபிள்யூடெம்ப். இதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

641064960 ஐ 384 ஆல் வகுத்தால் மீதி 0. இதைப் பார்த்துக் கோப்பு நலம் என்று முடிவு கட்டக்கூடாது. டபிள்யூடெம்ப்பில் எழுதுவது பெரும்பாலும் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) வழியாக. அது எழுதும் முன் கோப்பின் நீளத்தைப் பார்த்து, 384 இன் மடங்காக இல்லையென்றால் மிச்ச பைட்டுகளை வெட்டிவிட்டு எழுதும். ஆகவே வால் எப்போதும் ஒழுங்காகவே தெரியும், காயம் நடுவில் ஒளிந்திருக்கும்.

பழைய நகல் அநேகமாக வட்டு நிரம்பிய நேரத்தில் எடுத்தது, கடைசிப் பதிவு அரைகுறை. அதன் பின்னால் நல்ல கோப்பை கேட் போட்டு ஒட்டியதும் ஒட்டிய பகுதி முழுக்க நகர்ந்தது. அடுத்து யாரோ லாகின் ஆனதும் ஜிலிப்சி வாலை வெட்டி எல்லையைச் சரிசெய்தது. நல்லது, நகர்ந்தது, நல்லது என மூன்று துண்டு. நீங்கள் லாஸ்டில் பார்த்தது இதைத்தான். 05:30 என்பது யூனிக்ஸ் நேரம் 0, இந்திய நேரத்தில். நேரம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுழி இருக்கிறது என்று பொருள்.

எல்லைகளைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி. டெர்மினல் பெயர் பதிவின் 8 ஆவது பைட்டில் தொடங்கும். எனவே:

எல்சி_ஆல்=சி கிரெப் -ஏபிஓ 'பிடிஎஸ்/' டபிள்யூடெம்ப்

என்று ஒவ்வொரு இடத்தின் பைட் எண்ணையும் எடுத்து, அதில் 8 கழித்து, 384 ஆல் வகுத்து மீதி பாருங்கள். ஆக் கட்டளையில் ஒரு வரி வேலை. மீதி 0 ஆக இருப்பது எங்கே மாறுகிறது, எங்கே மறுபடி 0 ஆகிறது என்பதே வேண்டும்.

உதாரணத்துக்கு, 152072 இல் மீதி 0, அடுத்தது 152905 இல் மீதி 65 என்று வைத்துக்கொள்வோம். கடைசி நல்ல பதிவு 152064 இல் தொடங்கி 152448 இல் முடிகிறது. நகர்ந்த பகுதியில் நாம் கண்ட முதல் பதிவின் தொடக்கம் 152905 இலிருந்து 8 போக 152897. மீதி மறுபடி 0 ஆகும் பதிவு 2000640 இல் தொடங்குகிறது என்றால் நடுத்துண்டு 1847743 பைட், அதில் முழுப் பதிவு 4811, அதாவது 1847424 பைட். மிஞ்சும் 319 ஜிலிப்சி வெட்டிய பதிவின் மிச்சம், அது போகட்டும். அப்படியானால்:

ஹெட் -சி 152448 டபிள்யூடெம்ப் > சரி
டெய்ல் -சி +152898 டபிள்யூடெம்ப் | ஹெட் -சி 1847424 >> சரி
டெய்ல் -சி +2000641 டபிள்யூடெம்ப் >> சரி

டெய்ல் எண்ணுவது 1 இலிருந்து, கிரெப் 0 இலிருந்து. அந்த ஒன்றைக் கூட்ட மறந்தால் சரிசெய்யப் போன இடத்தில் புதிதாக ஒரு பைட் கோளாறு வந்துவிடும். இந்த வேலையை இயங்கும் கோப்பின் மீது செய்யாமல், மேலே சொன்னபடி பெயர் மாற்றி எடுத்த பிரதியில் செய்யுங்கள். டபிள்யூடெம்ப்புக்கு உரிமை 0664, ரூட், யூடெம்ப் குழு.

இரண்டாவது கோளாறு: 612 எம்பியில் லாஸ்டுக்கு ஏன் சில ஆயிரம் வரிதான்? பதிவு வகைகளை எண்ணுங்கள்:

யூடெம்ப்டம்ப் சரி | கட் -சி1-3 | சார்ட் | யூனிக் -சி

வகை 7 பயனர் நுழைவு, 8 முடிந்த பிராசஸ், 2 பூட். 5, 6, 8 லட்சக்கணக்கில் வந்து டெர்மினல் டிடிஒய்எஸ்0 என்று இருந்தால் குற்றவாளி சீரியல் கெட்டி (சீரியல் போர்ட்டில் லாகின் கேட்கும் நிரல்). புது ஹைப்பர்வைசரில் சீரியல் போர்ட் இல்லை, ஆனால் கெர்னல் வரியில் கன்சோல்=டிடிஒய்எஸ்0 இன்னும் இருக்கிறது. கெட்டி திறக்கப் பார்த்து, உள்ளீட்டுப் பிழை வந்து, 10 நொடி தூங்கிச் சாகும். சிஸ்டம்டி உடனே எழுப்பும். ஒவ்வொரு சுற்றுக்கும் குறைந்தது 2 பதிவு, 768 பைட். நாளுக்கு 8640 சுற்று, 6.6 எம்பி. 3 மாதத்துக்கு 600 எம்பி. உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறது. லாஸ்ட் இந்த வகைகளை வரியாகக் காட்டாது, அதனால் கண்ணில் படவில்லை.

சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் --நவ் சீரியல்-கெட்டி@டிடிஒய்எஸ்0 கொடுங்கள். கெர்னல் வரியிலிருந்தும் அந்தக் கன்சோலை எடுத்துவிடுங்கள்.

---

பதிவேடு_காவல் பதில்:

யூடெம்ப்டம்ப்பில் உரையாக மாற்றி, டிடிஒய்எஸ்0 வரிகளை கிரெப் -வி மூலம் நீக்கி, -ஆர் கொடுத்துத் திரும்ப பைனரி ஆக்கலாம் என்று அடுத்து யாராவது சொல்வார்கள். செய்யலாம், வேலை செய்யும். ஆனால் உரை வடிவத்தில் வெளியேற்ற நிலையும் செஷன் எண்ணும் வருவதில்லை, திரும்ப மாற்றும்போது அவை போய்விடும். கட்டங்களின் அகலத்தை எடிட்டரில் கலைத்தாலும் -ஆர் தவறாகப் படிக்கும். அன்றாடம் பார்க்க அந்தச் சிறிய பிரதி போதும். தணிக்கைக்குக் கொடுப்பது தொடாத மூலமாக இருக்க வேண்டும். வெட்டி ஒட்டும் முன் மூலக் கோப்பின் எஸ்ஹெச்ஏ256 எடுத்துக் குறித்து வையுங்கள், என்ன வெட்டினீர்கள் என்று பைட் எண்ணோடு எழுதி வையுங்கள்.

இன்னொன்றை அவசியம் பாருங்கள். எல்லை சரியாக இருந்து, நடுவில் ஒரே ஒரு பதிவு மட்டும் முழு 384 பைட்டும் சுழியாக இருக்கிறதா? மின்தடையில் சுழி வந்தால் பொதுவாகக் கோப்பு முறைமையின் பிளாக் அளவில், 4096 எல்லைகளை ஒட்டி, பல பதிவுகள் சேர்ந்தே போகும். தனியாக ஒரு பதிவு வெளுத்திருந்தால் தடம் அழிக்கும் கருவி ஓடியிருக்க வாய்ப்பு உண்டு. அந்த நேரத்தை ஜர்னலோடும் செக்யூர் லாகோடும் ஒப்பிடாமல் எதையும் திருத்தாதீர்கள்.

180 நாள் என்று நீங்கள் சொன்னது செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின் கணக்கு என்றால், லாக்ரொடேட்டில் ஒரு பொறி உண்டு. "வீக்லி, ரொடேட் 26, மேக்ஸ்சைஸ் 200எம்" என்று போட்டால் 182 நாள் வரும் என்று தோன்றும். வராது. மேக்ஸ்சைஸ் தாண்டினால் வாரம் முடியும் முன்பே சுழலும், தாக்குதல் கடுமையான மாதத்தில் 26 கோப்பும் 26 நாளில் தீர்ந்துவிடும். எப்போது பதிவு அதிகம் தேவையோ அப்போதுதான் பழையது அழியும். பிடெம்ப்புக்கு "டெய்லி, ரொடேட் 180, கம்ப்ரெஸ், டேட்எக்ஸ்ட், கிரியேட் 0600 ரூட் யூடெம்ப்" போடுங்கள். லாக்ரொடேட் வழக்கமாக நாளுக்கு ஒரு முறைதான் ஓடும், ஆகவே 180 கோப்பு 180 நாளுக்குக் குறையாது. டபிள்யூடெம்ப்புக்கு "மந்த்லி, ரொடேட் 7" போதும். பொதுவாக வரும் "ரொடேட் 1" உங்களுக்கு உதவாது.

ஸ்டேட்டஸ் கோப்பு /வார்/லிப்/லாக்ரொடேட் அடைவில் இருக்கிறது. போன தடவை வட்டு நிரம்பியபோது கெட்டிருக்கும். பெயர் மாற்றி ஒதுக்குங்கள், புதிது தானாக வரும். புது ஸ்டேட்டஸில் இன்றைய தேதியே பதிவாகும் என்பதால் மந்த்லி உடனே சுழலாது. அந்த ஒரு அமைப்புக் கோப்பை மட்டும் கொடுத்து -எஃப் போடுங்கள். முதன்மை அமைப்புக்கு -எஃப் போட்டால் சர்வரில் உள்ள எல்லா லாகும் சுழன்றுவிடும்.

சுருக்கிய கோப்பைப் படிக்கும்போது பைப் வழியாக லாஸ்ட்பிக்குக் கொடுக்க முடியாது, அது பின்னோக்கிப் போக வேண்டும். தற்காலிகக் கோப்பாக விரித்து -எஃப் கொடுங்கள்.

---

பழையஏஐஎக்ஸ் பதில்:

ஏஐஎக்ஸ் (ஐபிஎம்மின் யூனிக்ஸ்) வைத்திருப்பவர்கள் இந்த 384 ஐ அங்கே கொண்டு போகாதீர்கள், பதிவு அளவு வேறு. தோல்விகள் அங்கே /இடிசி/செக்யூரிட்டி/ஃபெயில்ட்லாகின் கோப்பில் சேரும். /இடிசி இருப்பது ரூட் கோப்பு முறைமையில், ஆகவே அது வளர்ந்தால் நிரம்புவது /வார் அல்ல, ரூட்டே. படிக்க ஹூ கட்டளைக்கு அந்தக் கோப்பைக் கொடுத்தால் போதும். /வார்/ஏடிஎம்/டபிள்யூடெம்ப்பை /யூஎஸ்ஆர்/எஸ்பின்/அக்ட் அடைவில் உள்ள எஃப்டபிள்யூடெம்ப் உரையாக்கும், -ஐசி கொடுத்தால் உரையைத் திரும்ப பைனரி ஆக்கும். உள்ளீடும் வெளியீடும் ஒரே கோப்பாக இருந்தால் படிக்கும் முன்பே ஷெல் அதைக் காலி செய்துவிடும், வேறு பெயருக்கு எழுதி மாற்றுங்கள். டபிள்யூடெம்ப்ஃபிக்ஸ் என்பது கடிகாரம் மாற்றியதால் வரும் நேரக் குழப்பத்துக்கு. உடைந்த எல்லையை அது ஒட்டாது.

---

வட்டுநிறைவு:

எல்லோருக்கும் நன்றி. ஓடி 10 6 0 0 0 என்றே காட்டியது. கெட்டியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, மாஸ்க் செய்தாயிற்று. பிடெம்ப் பெயர் மாற்றிச் சுருக்கி நகர்ந்துவிட்டது, /வார் மூச்சு விடுகிறது. ஒரே சந்தேகம்: அதே அடைவில் லாஸ்ட்லாக் என்று ஒரு கோப்பு 1.2டி என்று காட்டுகிறது. வட்டே அவ்வளவு இல்லை. இதையும் வெட்ட வேண்டுமா?

---

ரூட்சங்கிலி பதில்:

வேண்டாம், தொடாதீர்கள். ஒவ்வொரு பயனரின் கடைசி லாகினையும் வைக்கும் லாஸ்ட்லாக்கில் யூஐடி எண்ணை (பயனர் எண்) பெருக்கியே இடம் ஒதுக்கப்படும், ஒரு பயனருக்கு 292 பைட். 4294967294 என்ற யூஐடி ஒரு முறை பதிவானாலே நீளம் 1.25 டெராபைட் ஆகிவிடும். ஆனால் இடையில் எழுதாத பகுதி வெறும் ஓட்டை, வட்டில் இடம் பிடிக்காது. எல்எஸ் -எல்எஸ் போட்டு முதல் கட்டத்தைப் பாருங்கள், சில கேபிதான் இருக்கும்.

ஆபத்து பேக்கப்பில்தான். ஆர்சிங்கில் --ஸ்பார்ஸ், டாரில் -எஸ் பெரிய எழுத்தில் இல்லாமல் நகலெடுத்தால் சுழியெல்லாம் நிஜ இடமாகும். அந்தக் கோப்பை லாக்ரொடேட்டில் சேர்க்காதீர்கள். பெரிய எண்ணில் பயனர் உருவாக்கும்போது யூசர்ஆட்டில் -எல் கொடுத்தால் லாஸ்ட்லாக்கில் இடம் ஒதுக்காது. கன்டெய்னர் இமேஜ் கட்டும்போது இது இன்னும் முக்கியம், அங்கே ஓட்டைகள் லேயருக்குள் நிஜ பைட்டுகளாகவே போய் உட்காரும்.